மீட்டரில் 680 காட்டுகிறது, கம்பி ஏன் முறுக்கினால் அறுகிறது?

காட்பாடியிலோ ஆற்காட்டிலோ கூரைக் காங்கிரீட்டுக்கு முந்தின நாள் கம்பி கட்டுகிறவர்களைக் கவனித்தால் தெரியும். 20 கேஜ் கட்டுக்கம்பியை இரண்டாக மடித்து, கொக்கியை மாட்டி, மூன்று நான்கு சுற்று முறுக்குவார்கள். கம்பி இறுகி நிற்க வேண்டும், அறுந்து கையோடு வரக் கூடாது. அறுந்தால் அடுத்த நாள் ஹார்டுவேர் கடைக்கு வந்து நிற்பார்கள்: "இன்னாண்ணா கம்பி இது? மேல் சுத்து நல்லா கீது, உள்ள போகப் போக அறுந்துக்கினே வருது."

அந்தப் புகாரிலேயே காரணம் இருக்கிறது. மேல் சுற்று இளகியிருக்கிறது, உள் சுற்று இளகவில்லை. அதாவது கம்பியைச் சூடாக்கி இளக்கும் அனீலிங் ஃபர்னஸில் சூடு போதாமல் போகவில்லை, சூடு உள்ளே போய்ச் சேரவில்லை. இந்த வேறுபாட்டைப் பிடிக்காத பட்டறையில் அடுத்த லோடுக்கு மீட்டரில் 680 டிகிரியை 730 ஆக்குவார்கள். அப்போது மேல் சுற்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உள் சுற்று அப்போதும் அரைகுறையாகவே இருக்கும். கம்பி இளக்கும் ஃபர்னஸைப் பற்றி எவ்வளவு பேசினாலும் கடைசியில் இந்த ஒரு இடத்துக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

முதலில் கம்பிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாக. கட்டுக்கம்பிக்கு வரும் மூலப்பொருள் 5.5 மி.மீ. குறைகார்பன் வயர் ராடு, கார்பன் 0.10 சதவீதத்துக்குள். இதை டை எனும் துளை அச்சுகள் வழியே ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து 0.9 மி.மீ.க்குக் கொண்டுவரும்போது நீளம் 37 மடங்கு ஆகிறது. உள்ளே உருண்டையாக இருந்த படிகத் துகள்கள் நூலாக நீண்டு, இனி நகர இடமில்லாமல் இறுகிவிடுகின்றன. கம்பியின் வலு இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது, நீளும் தன்மை ஏறக்குறைய இல்லாமல் போகிறது. சூடாக்கும்போது பழைய துகள்களின் இடத்தில் புதிய, அழுத்தமில்லாத துகள்கள் முளைக்கின்றன. இவ்வளவு இழுக்கப்பட்ட கம்பியில் 550 டிகிரி வாக்கிலேயே அது தொடங்கிவிடும். 670, 690 என்று போவது, சுருளின் எல்லாச் சுற்றும் சந்தேகமில்லாமல் முடிய வேண்டும் என்பதற்காக.

மேல் எல்லை 723 டிகிரி. அதைத் தாண்டினால் இரும்பின் உள்ளமைப்பே மாறத் தொடங்கும், துகள் பருக்கும், சுற்றுக்குச் சுற்று ஒட்டும். ஒட்டிய சுருளைப் பிரிக்கும்போது கம்பியின் மேல் தோல் உரிந்து வரும், அங்கேதான் பிற்பாடு அறும். ஆகவே கையில் இருப்பது 670-லிருந்து 715 வரையிலான குறுகிய இடைவெளி. ஒன்றரை டன் கம்பி முழுவதையும் அந்த இடைவெளிக்குள் ஒரே நேரத்தில் நிறுத்துவதுதான் வேலை.

பேனலில் தெரியும் எண் எதனுடையது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான குழி ஃபர்னஸ்களில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் சுவரில், சூடேற்றும் எலிமென்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது காட்டுவது பாட், அதாவது சுருள்களை அடுக்கிக் குழிக்குள் இறக்கும் மூடியுள்ள பாத்திரம், அதற்கு வெளியே இருக்கிற சூடு. பாட்டின் தகடு, உள்ளே இருக்கும் வாயு, சுருளின் வெளிச் சுற்று, பிறகு சுற்றுக்குச் சுற்று காற்று இடைவெளி, இத்தனையும் தாண்டித்தான் சூடு நடுவுக்குப் போக வேண்டும். ஏறுமுகத்தில் சுவருக்கும் நடுச் சுருளுக்கும் 150, 200 டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். மீட்டர் 680 தொட்ட நிமிடத்திலிருந்து சோக்கிங் நேரத்தை, அதாவது அதே சூட்டில் நிறுத்தி வைக்கும் நேரத்தை, எண்ணினால், நடுச் சுருளுக்குக் கிடைக்கும் உண்மையான சோக்கிங் அரை மணிகூட இருக்காது.

இதற்குத் தீர்வு விலை அதிகமில்லாதது. பாட் மூடியின் நடுவில் ஒரு குழாய் இறக்கி, அதன் வழியே இரண்டாவது கே வகை தெர்மோகப்பிள் ஒன்றைச் சுருள்களின் நடு உயரம் வரை விடுங்கள். சோக்கிங் கணக்கு அது 670 தொட்ட பிறகுதான் தொடங்க வேண்டும். அங்கிருந்து இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம். சுவர்ப் பக்க செட் பாயின்டை 710-க்கு மேல் எப்போதும் வைக்காதீர்கள். "சீக்கிரம் ஏறட்டும்" என்று 800 வைத்துப் பிறகு இறக்குவது, வெளிச் சுற்றைக் கெடுத்து நடுவைக் காப்பாற்றும் முயற்சி. அதில் இரண்டும் கிடைக்காது.

ஒரு நடுத்தர அளவு ஃபர்னஸை எடுத்துக்கொண்டு பேசலாம்: 900 மி.மீ. விட்டம், 2 மீட்டர் ஆழம் உள்ள பாட், ஒரு லோடுக்கு ஒன்றரை டன். ஒரு கிலோ இரும்பை 700 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 0.12 யூனிட் மின்சாரம் வேண்டும். கம்பிக்கு மட்டும் 180 யூனிட், பாட்டும் சுருள்களுக்கு நடுவில் நிற்கும் நடுத்தண்டும் சேர்ந்து அறுநூறு கிலோ வந்தால் அதற்கு 60 யூனிட்டுக்கு மேல், சுவர் வழியே போகும் நஷ்டம் தனி. எல்லாம் சேர்த்து லோடுக்கு 300-ஐக் கொஞ்சம் தாண்டும், டன்னுக்கு 210, 220 யூனிட். உங்கள் கணக்கு டன்னுக்கு 300-ஐத் தாண்டினால் இன்சுலேஷன் உட்கார்ந்துவிட்டது, அல்லது மூடி சரியாக அமரவில்லை என்று தேட ஆரம்பிக்கலாம். இந்த ஃபர்னஸின் 90 கிலோவாட்டை மேல், நடு, கீழ் என மூன்று மண்டலமாகப் பிரித்து 30, 30, 30 போடுவது நல்லது. தரை வழியாகவும் மூடி வழியாகவும் சூடு ஓடுவதால் ஒரே மண்டலமாகப் போட்ட ஃபர்னஸில் நடு மட்டும் வேகும், இரண்டு முனையும் பின்தங்கும்.

சுவருக்கு கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தியுள்ள செராமிக் ஃபைபர் 200 மி.மீ.க்குக் குறையாமல் போடுங்கள். செங்கல் சுவர் உறுதியானதுதான், ஆனால் ஒவ்வொரு லோடுக்கும் அதையும் சேர்த்துச் சூடாக்கிக்கொண்டிருக்க வேண்டும். தரைக்கு மட்டும் இன்சுலேஷன் செங்கல். பாட் தவறி இறங்கினால் ஃபைபர் தாங்காது.

பாட்டுக்கு எஸ்எஸ் 310 தகடு. விலைக்குப் பயந்து எம்எஸ் (சாதாரண இரும்பு) தகட்டில் செய்தால் வெளிப்பக்கம் செதில் செதிலாக உதிர்ந்து மெலிந்துகொண்டே போகும், உதிர்ந்த செதில் எலிமென்டில் விழுந்து ஷார்ட் ஆக்கும். 310-க்கும் ஒரு குணம் உண்டு. இந்த வெப்பநிலையில் மாதக்கணக்கில் இருந்தால் அது சூட்டில் தாங்கும், ஆறிய நிலையில் நொறுங்கும். ஆறிய பழைய பாட்டைத் தரையில் தொப்பென்று போட்டால் வெல்டிங் ஓரத்தில் முடிக்கீறல் விழும். அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியாது, அடுத்த லோடில் கம்பியின் நிறத்தில்தான் தெரியும். ராணிப்பேட்டையில் பெல் தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் நிறைய இருப்பதால் நம் பக்கத்தில் நல்ல வெல்டர்களுக்குக் குறைவில்லை. 310 பாட்டுக்கு 310 வெல்டிங் ராடு என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். 308 ராடில் போட்ட மூட்டு முதலில் திறக்கும்.

இன்னொன்று பலர் விட்டுவிடுவது: 2 மீட்டர் பாட் 700 டிகிரியில் ஏறக்குறைய 24 மி.மீ. நீளும். பாட் மேலே விளிம்பில் தொங்க வேண்டும், அடியில் குறைந்தது 50 மி.மீ. காலி இருக்க வேண்டும். அடியில் முட்டினால் விளிம்பு மேலே தூக்கும், மூடியின் சீல் திறந்துகொள்ளும்.

லோடு அடுக்குவதில்தான் பாதி வெற்றி. சுருளை இறுக்கி இறுக்கி அடுக்கினால் இன்னும் இருநூறு கிலோ ஏற்றலாம், உண்மை. அந்த இருநூறு கிலோவுக்காக நடுவில் நானூறு கிலோ கெடும். நடுத்தண்டு ஓட்டை போட்ட குழாயாக இருக்கட்டும். இரண்டு சுருளுக்கு ஒருமுறை ஒரு அங்குலக் கனத்தில் ஸ்பேசர் வளையம் வையுங்கள். வெவ்வேறு கேஜ் கம்பியை ஒரே லோடில் கலக்க நேர்ந்தால், தடித்ததைக் கீழேயும் மெலிந்ததை மேலேயும் வையுங்கள். மெலிந்தது அடியில் நசுங்கினால் சிக்குப் பிரிக்கவே ஒரு ஆள் வேண்டும்.

இனி வாயு. கம்பியில் டிராயிங் சோப்புத் தூள் படிந்திருக்கும். அது 300-லிருந்து 400 டிகிரிக்குள் புகைந்து பிரியும். வென்ட் (மூடியிலுள்ள புகைபோக்கிக் குழாய்) திறந்திருக்க 380 வாக்கில் ஒரு மணி நேரம் நிறுத்தி, நைட்ரஜன் ஓடவிட்டு, வென்ட்டில் புகை நின்ற பிறகு மேலே ஏற்றுங்கள். அவசரப்பட்டால் அந்தப் புகை உள்ளேயே கரியாகப் படியும். கட்டுகிறவரின் கை கறுப்பாகும், ஜிஐக்கு, அதாவது துத்தநாகப் பூச்சுக்குப் போகிற கம்பி என்றால் அந்தக் கரியின் மேல் துத்தநாகம் பிடிக்காது. வென்ட்டில் வரும் புகை தீப்பிடிக்கக்கூடியது, அதன் வாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடுங்கள்.

பாட்டின் கொள்ளளவு 1.27 கன மீட்டர். உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற அதைப்போல் ஐந்து மடங்கு நைட்ரஜன் என்று வைத்தால் ஆறரை கன மீட்டர் வரை. ஒரு பெரிய சிலிண்டரில் இருப்பதே 7 கன மீட்டர்தான். ஆகவே காற்றை வெளியேற்றும் இந்தப் பர்ஜுக்கு ஒன்று, அழுத்தம் பிடித்து வைக்க ஒன்று, கையிருப்பு ஒன்று என்று மூன்று இல்லாமல் லோடு தொடங்காதீர்கள். நைட்ரஜன் வசதியில்லாத பட்டறைகளில் மேல் சுருளின் மீது மரக்கரியோ வார்ப்பிரும்புத் துருவலோ ஒரு தட்டில் பரப்புவார்கள். உள்ளே இருக்கும் ஆக்சிஜனை அது தின்றுவிடும், கட்டுக்கம்பிக்கு அது போதும். பளபளப்பான கம்பி கேட்டால் போதாது.

கம்பி கறுக்கும் நேரம் சூடேறும் நேரமல்ல, ஆறும் நேரம். கரண்டை நிறுத்திப் பாட்டை வெளியே தூக்கி வைத்ததும் உள்ளிருக்கும் வாயு சுருங்கத் தொடங்குகிறது. 700-லிருந்து அறை வெப்பநிலைக்கு வரும்போது அது மூன்றில் ஒரு பங்காகிவிடும். அந்த மூன்றில் இரண்டு பங்கு காலி இடத்தை ஏதாவது ஒன்று நிரப்பியே தீரும்: நீங்கள் கொடுக்கும் நைட்ரஜன், அல்லது சீல் வழியாக உறிஞ்சப்படும் காற்று. ஆகவே பாட்டைத் தூக்கும் முன் வென்ட்டை மூடி, நைட்ரஜன் ஹோஸைக் கழற்றாமலேயே தூக்குங்கள். முதல் ஒரு மணி நேரம் ஓட்டம் கூடுதலாக இருக்கட்டும். வென்ட் முனையை வாளித் தண்ணீரில் மூழ்கவைக்கும் பழக்கம் இருந்தால் உடனே மாற்றுங்கள். உறிஞ்சல் வந்தால் அந்தத் தண்ணீர் நேராகச் சிவந்த பாட்டுக்குள் ஏறும், நீராவியாக வெடித்து மூடியைத் தூக்கும்.

மூடிக்கு மணல் சீல் என்றால் மணல் உலர்ந்ததாக, பொடிசாகச் சலித்ததாக இருக்க வேண்டும். பாலாற்று மணலைத் தொட முடியாது என்பதால் சிலர் எம்-சாண்டைக் கொட்டுகிறார்கள். அதிலுள்ள கல் தூள் ஈரத்தில் கட்டிதட்டி, மூடியின் விளிம்பு இறங்காமல் தடுக்கும். வார்ப்பட்டறைக்காரர்கள் வாங்கும் சிலிக்கா மணல் ஒரு மூட்டை போதும், பல மாதம் வரும். ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் ஒவ்வொரு லோடுக்கும் முன் அதை ஒரு தட்டில் போட்டு வறுத்துக்கொள்ளுங்கள். ஈரமான சுருளுக்கும் இதே கவனம் வேண்டும், 150 டிகிரியில் வென்ட் திறந்து அரை மணி.

பாட்டை 150 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே திறக்க வேண்டும். திறந்ததும் நிறத்தைப் படிக்கப் பழகுங்கள். வெளிர் மஞ்சள் என்றால் 220 வாக்கில் காற்று பட்டிருக்கிறது. ஊதா என்றால் 280, நீலம் என்றால் 300. இவையெல்லாம் அவசரப்பட்டுத் திறந்ததன் அடையாளம், கம்பியின் இளக்கத்தை இது தொடாது. கறுத்து, விரலால் தேய்த்தால் செதில் உதிர்ந்தால் உயர்ந்த சூட்டிலேயே காற்று புகுந்திருக்கிறது. எந்தச் சுருள் என்பதையும் பாருங்கள். மேல் சுருள் மட்டும் என்றால் மூடி சீல். அடிச் சுருள் மட்டும் என்றால் பாட்டின் அடி வெல்டிங்கில் கீறல். ஒரு பக்கமாக நெடுக்கக் கறுத்திருந்தால் பக்க வெல்டிங். சோப்புத் தண்ணீர் தடவி, லேசாகக் காற்றழுத்தம் கொடுத்தால் குமிழி இடத்தைக் காட்டும்.

மின் பக்கம் வருவோம். தெர்மோகப்பிள் தலையிலிருந்து பேனலுக்குச் சாதாரண தாமிர ஒயர் இழுத்திருந்தால், தலைக்கும் பேனலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் அப்படியே பிழையாகும். தலை 90, பேனல் 40 என்றால் மீட்டர் 50 டிகிரி குறைத்துக் காட்டும். தெர்மோகப்பிளுக்கென்றே வரும் காம்பன்சேட்டிங் கேபிளே போட்டு, இரண்டு முனையிலும் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் பிழை இரண்டு மடங்கு, 100 டிகிரி. அதாவது மீட்டர் 680 காட்டும்போது உள்ளே 780. அமெரிக்க நிறக் குறியீட்டில் வரும் கேபிளில் சிவப்பு மைனஸ் என்பதால் இந்தத் தவறு எளிதில் நடக்கிறது. சரிபார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும்: உள்ளே 680, பேனல் 40 டிகிரி என்றால் கே வகையில் பேனல் முனையில் 26.7 மில்லிவோல்ட் வர வேண்டும்.

ஒரு மண்டலம் மட்டும் ஏறத் தாமதமானால் கிளாம்ப் மீட்டரை எடுங்கள். 30 கிலோவாட் டெல்டா இணைப்பில் 415 வோல்ட்டுக்கு ஒவ்வொரு லைனிலும் 42 ஆம்பியர் ஓட வேண்டும். ஒரு எலிமென்ட் அறுந்தால் இரண்டு லைனில் 24 ஆக விழும், ஒன்றில் 42 அப்படியே நிற்கும். அந்த 42 நிற்கும் லைனோடு சேராத எலிமென்ட்தான் போனது. மூன்றிலும் சமமாகக் குறைந்திருந்தால் எலிமென்ட் காரணமல்ல, வோல்டேஜைப் பாருங்கள். 415 வர வேண்டிய இடத்தில் 380 வந்தால் சக்தி 16 சதவீதம் போய்விடும், 90 கிலோவாட் ஃபர்னஸ் 75 ஆகிவிடும். லோடு ஒரு மணி நேரம் நீளும். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துகிற பட்டறையில் அன்றைய கம்பி முழுவதும் அரைவேக்காடு.

எலிமென்டுக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் தைரிஸ்டரோ எஸ்எஸ்ஆரோ கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகியே கெடும், கரண்ட் நிற்காமல் ஓடும். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் பேனலுக்கு இது சாதாரணமாக நடக்கக்கூடியது. ஆகவே தனி தெர்மோகப்பிள், தனி கன்ட்ரோலர், மெயின் கான்டாக்டரையே இறக்கும் கட்-ஆஃப் ஒன்று 760-ல் கட்டாயம் வேண்டும். இது இல்லாத ஃபர்னஸை இரவில் ஆளில்லாமல் ஓட்டக் கூடாது. நைட்ரஜன் வால்வு சொலினாய்டு (கரண்டில் இயங்குவது) என்றால், கரண்ட் போனாலும் திறந்தே இருக்கும் வகையைப் போடுங்கள். கரண்ட் போன பிறகுதான் பாட் உறிஞ்ச ஆரம்பிக்கும்.

குழிக்குள் இறங்குவதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நைட்ரஜன் கசிந்த குழியில் மணம் இருக்காது, எரிச்சல் இருக்காது, மூச்சுத் திணறுகிற உணர்வுகூட வராது, ஆள் நேராக மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். கரி போடும் ஃபர்னஸில் கார்பன் மோனாக்சைடும் சேரும். வாயுவை மூடி, புளோயர் வைத்துக் குழிக்குள் காற்றை அடித்து, ஆக்சிஜன் மீட்டர் வைத்துப் பார்த்து, மேலே ஒருவர் நின்ற பிறகுதான் இறங்க வேண்டும். குழியைச் சுற்றி ஆர்சிசி சுவரும் அடியில் தண்ணீர் சேரும் சம்ப்பும் இருக்கட்டும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது நினைவிருக்கும். வருடம் முழுக்க வறண்ட ஊர் என்று நம்பித் தோண்டிய குழியிலும் ஊற்று எடுக்கும். ஃபைபர் ஒருமுறை ஊறினால் உட்கார்ந்துவிடும்.

ஆசிட் பற்றியும் ஒரு வார்த்தை. ராடின் செதிலை ஹைட்ரோகுளோரிக் ஆசிடில் எடுப்பதைவிட, உருளைகளில் வளைத்து உதிர்க்கும் மெக்கானிக்கல் டீஸ்கேலிங் நம் மாவட்டத்துக்கு ஏற்றது. தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்கு 1996-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அந்த ஆற்றங்கரையில் இன்னொரு கழிவைக் கொட்ட யாருக்கும் நியாயமில்லை.

இதே ஃபர்னஸில் 304 ஸ்டெயின்லெஸ் கம்பியைப் போட முடியுமா என்று கேட்கிறார்கள். கூடாது. அதற்கு 1050 டிகிரியும் வேகமான ஆறுதலும் வேண்டும். 450-லிருந்து 850 வரை அதை மணிக்கணக்கில் வைத்தால் அதிலுள்ள குரோமியம், படிகத் துகள்களின் ஓரங்களில் கட்டிக்கொண்டு, துருப்பிடிக்காத குணமே போய்விடும். தாமிரக் கம்பியைப் போடலாம், 400 வாக்கில், நைட்ரஜனில். ஹைட்ரஜன் கலந்த வாயு ஆகாது. சாதாரண மின்தாமிரத்தில் இருக்கும் ஆக்சிஜனோடு அது சேர்ந்து உள்ளே நீராவியாகி, கம்பி நொறுங்கும்.

கடைசியாகச் சோதனை. லோடு திறந்ததும் மேல், நடு, அடி மூன்று சுருளிலும் வெளிச் சுற்றில் ஒன்று, உள் சுற்றில் ஒன்று என ஆறு துண்டு வெட்டுங்கள். 12 மி.மீ. கம்பி இரண்டைக் குறுக்கே வைத்துக் கட்டி, கொக்கியால் அறும் வரை முறுக்கிச் சுற்றை எண்ணுங்கள். ஆறும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வர வேண்டும். நடுச் சுருளின் உள் சுற்று மட்டும் குறைவாக வந்தால் அடுத்த லோடுக்குச் சூட்டைத் தொடாதீர்கள், சோக்கிங்கை ஒரு மணி நேரம் கூட்டுங்கள் அல்லது ஸ்பேசரைக் கூட்டுங்கள். அறும் சுருளை விற்காமல் எடுத்து, கட்டைத் தளர்த்தி, அடுத்த லோடில் மேல் அடுக்கில் வைத்தால் சரியாகிவிடும். இடையில் அதை "சைஸ் பண்ண" ஒரு டையில் லேசாக இழுத்துவிட்டு மறுபடி ஃபர்னஸில் போடுவது மட்டும் வேண்டாம். ஐந்து, பத்து சதவீதம் மட்டும் இழுபட்ட இளகின கம்பியைத் திரும்பச் சூடாக்கினால் துகள்கள் மிகப் பெரிதாக வளரும், வளைத்த இடத்தில் மேல்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரக்கும். அந்தக் கம்பியை அதற்கப்புறம் அனீலிங்கால் மட்டும் சரிசெய்ய முடியாது.